பாக்கியம் ரீச்சரும் வாக்கேயகாரர்களின் காலைச் சாப்பாடும்

பாக்கியம் ரீச்சர் மறைந்த செய்தியை எனக்கு வானொலிதான் சொன்னது. காலை மரண அறிவித்தல்களை நான் தவறவிடுவதில்லை. என் வயதுக்காரர்களைப் பற்றிய செய்திகள் இப்போது அதில்தான் வருகின்றன. "முனைக்காட்டைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை திருமதி பாக்கியலெட்சுமி" என்று அறிவிப்பாளர் வாசித்தார். அதில் ஒரு பிழை இருந்தது. பாக்கியம் ஓய்வுபெறவில்லை. அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது உண்மை; அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. முந்தின வாரம்கூட வகுப்பு எடுத்திருக்கிறார். இந்தப் பிழையைத் திருத்தி யாருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வானொலியை நிறுத்தினேன். வீடு அமைதியான பிறகுதான் செய்தியின் பொருள் எனக்கு உறைத்தது.

ஒரு மணித்தியாலத்துக்குள் சிவராணி கல்லடியில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பாக்கியத்திடம் படித்தவள், இன்று செங்கலடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியை. "வாங்க ரீச்சர், பின்னேரம் எடுக்கப்போறாங்களாம்," என்றாள். பஸ்ஸில் துறைக்குப் போய், அங்கிருந்து படகில் வாவியைக் கடந்தோம். காவலுக்கு நின்ற சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளைக் கேட்கவில்லை. சண்டை ஓய்ந்திருக்கும் இந்த மாதங்களில் அவர்களும் சற்றுச் சாய்ந்து நிற்கப் பழகியிருக்கிறார்கள். அது நல்லதுதான்.

முப்பத்தோராம் நாள் வெளியிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பாக்கியத்தின் தம்பி அன்று கேட்டார். நான் இரண்டு பக்கத்தில் அடங்குகிறவள் அல்ல என்பது இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். பாக்கியத்தின் பொறுமை, எளிமை, தெய்வபக்தி ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அவருக்குப் பொறுமை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நான் அறிந்த பாக்கியத்தை மட்டும் எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

சண்டை மறுபடி மூண்டு, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில்தான் பாக்கியம் எங்கள் பாடசாலைக்குத் தற்காலிகமாக இணைக்கப்பட்டு வந்தார். நான் அப்போது உப அதிபர். சரித்திரமும் ஆங்கிலமும் படிப்பித்தேன். பட்டணத்துக் கொன்வென்டில் படித்தவள், பியானோவில் ஐந்து தரங்கள் தேறியவள் என்பதால், சங்கீதத்தை எப்படி ஒழுங்காகப் படிப்பிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு நிச்சயமான கருத்துகள் இருந்தன. அவருடைய வகுப்புக்கும் என்னுடைய வகுப்புக்கும் இடையில் ஓர் அரைச்சுவர் மட்டுமே. முதல் நாள் கீர்த்தனை ஒன்று தொடங்கப் போகிறது என்று நான் காதைக் கொடுத்திருந்தேன். பாக்கியம் இப்படித் தொடங்கினார்:

"அண்டைக்குக் காலத்தால அவர் என்ன சாப்பிட்ட, தெரியுமா?"

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரைப் பற்றித்தான் பேச்சு. வீடு வீடாகப் பாடிச் சென்று, சொம்பில் விழுந்த அரிசியைக் கொண்டு சீவித்தவர். அன்று மூன்று வீடுகளில் கதவு திறக்கவில்லையாம். நாலாம் வீட்டில் அரிசி இல்லையென்று ஒரு பிடி இறுங்குச் சோளம் போட்டார்களாம். அதைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுக்க வெட்கப்பட்டு, ஆற்றங்கரையில் இருந்துவிட்டாராம். "அந்த இருப்பில வந்த பாட்டுத்தான் இது. இப்ப பாடுங்க," என்றார். பிள்ளைகள் பாடினார்கள். முதலடியின் நீண்ட சுரத்தில் அவர்கள் நின்ற நிலை எனக்கு இன்றும் கேட்கிறது. என் வகுப்பில் பேனைகள் நின்றுவிட்டன. போர்த்துக்கேயர் கரையிறங்குவதை நான் சற்றுத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்தேன்.

"பாக்கியம், இந்தக் கதை எந்தப் புத்தகத்தில இருக்கு?"

"புத்தகத்தில இல்ல ரீச்சர்."

"அப்ப?"

"அண்டைக்கு அவர் என்னவோ சாப்பிட்டிருப்பார்தானே."

"தஞ்சாவூர் நெல்லு விளையிற பூமி. அங்க யார் இறுங்கு போடுறது?"

"வெள்ளம் வந்து நெல்லு அழிஞ்ச வருசம் எண்டு வைங்க."

"எந்த வருசம்?"

"அத நீங்க சொல்லுங்க. நீங்கதானே சரித்திர ரீச்சர்."

அறை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அவரை மடக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நான் அதைக் கெடுத்துக்கொண்டேன். ஒரு மழை நாளில் பாதிப் பிள்ளைகள் வராதிருந்தபோது, கதை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பாக்கியத்துக்குக் காட்டுவதற்காக, கொன்வென்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொன்ன ஒன்றைச் சொன்னேன். செவி கேளாமல் போன ஜெர்மன் தேசத்து இசைமேதை ஒருவர் மாலையில் தெருவழியே போகிறார். ஏழை வீடு ஒன்றில் பார்வையற்ற பெண் ஒருத்தி அவருடைய இசையையே தட்டுத்தடுமாறி வாசிக்கிறாள். அவர் உள்ளே போகிறார். மெழுகுதிரி அணைகிறது. நிலவு வெளிச்சத்தில் அவளுக்காக ஒரு புதிய இசையை அங்கேயே வாசிக்கிறார். பத்து வயதில் அதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

பாக்கியம் கவனமாகக் கேட்டார். பிறகு, "மெழுகுதிரி நூந்தத ஆர் கண்ட ரீச்சர்?" என்றார்.

"அது அச்சடிச்ச புத்தகத்தில இருந்தது. சிஸ்டரே வாசிச்சுக் காட்டினவ."

"சிஸ்டர் அங்க நிண்டவவா?"

"பாக்கியம்."

"இல்ல கேக்கிறன். உங்கட ஆக்களுக்கு எண்டா மெழுகுதிரி தானா நூரும், நிலவு தானா வரும். எங்கட ஆக்களுக்கு ஒரு பிடி இறுங்குக்கும் சாட்சி வேணும்."

வீட்டுக்குப் போய் என்னிடமிருந்த இசை அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கதை பிற்காலத்தவர் கட்டியது என்று தெளிவாகப் போட்டிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதை அவரிடம் சொன்னேன். நான் கண்டிப்பானவளாக இருக்கலாம், நேர்மையில்லாதவள் அல்ல. அவர் வெற்றிக்களிப்பில் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய முகம் வாடிவிட்டது.

"பொய்யா? சே. நல்ல கதையாச்சே. நீங்க அதத் தேடிப் பாத்திருக்கப்படாது ரீச்சர்."

அதற்கு அடுத்த வருடம் என் கணவர் மாரடைப்பில் காலமானார். வந்தவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் நின்றது என்று கேட்டார்கள். ஒரே பதிலை நூறு பேருக்குச் சொல்லி எனக்கு வாய் மரத்துவிட்டது. அதற்குள் படுவான்கரைப் பாடசாலைக்குத் திரும்பிப் போயிருந்த பாக்கியம், மூன்றாம் நாள் வாவியைக் கடந்து வந்தார். பாயில் என் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்டார்: "ஐயா காலத்தால என்ன விரும்பிச் சாப்பிடுவார் ரீச்சர்?"

பாலப்பமும் சீனிச்சம்பலும் என்றேன். சம்பலில் வெங்காயம் கருகக் கூடாது. கருகினால் ஒரு சொல்லும் சொல்லாமல் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். அந்த மௌனத்துக்காக நான் அவரோடு போட்ட சண்டைகளையும் சொன்னேன். நான் நிறுத்தியபோது அரை மணித்தியாலம் போயிருந்தது. இறந்தவரைப் பற்றியே பேசிய மூன்று நாட்களில், உயிரோடிருந்த என் கணவரைப் பற்றி நான் பேசியது அந்த அரை மணித்தியாலம்தான். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அது அவருடைய சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

சங்கீத சபையின் பரீட்சையில் நாலாம் தரம் தேறியவர்கள் மாதக் கொடுப்பனவோடு தொண்டர் ஆசிரியை நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. பாக்கியத்திடம் அக்கரையில் ஒன்பது பெண்கள் அந்தத் தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்பது வீடுகளிலும் வேறு வருமானம் இருக்கவில்லை. நன்றாகப் பாடினார்கள், பாடுவதில் பயமில்லை. எழுத்துப் பரீட்சையில், பாட்டும் மெட்டும் தாமே கட்டிய வாக்கேயகாரர்களின் வரலாறு ஒரு பகுதி. அதற்கு வேண்டிய நூல்கள் மட்டக்களப்புக்கு வருவது நின்று வருடக்கணக்காகிவிட்டது. "நீர் சொல்லும், நான் தட்டச்சு அடிக்கிறேன், பாடசாலை ரோனியோ இயந்திரத்தில் பிரதி எடுப்போம்" என்று நானே முன்வந்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என் சாப்பாட்டு மேசையில் இருந்து பாக்கியம் சொன்னார். நான் அடித்தேன். அடித்தேன் என்பதைவிட, வெட்டினேன் என்பதே சரி. இறுங்கு போயிற்று. ஆற்றங்கரை போயிற்று. மழை வேண்டிப் பாட மழை வந்தது, பூட்டிய கோயில் கதவு பாட்டுக்குத் திறந்தது எல்லாம் போயிற்று. யாருடைய மனைவி என்ன சொன்னாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிறந்த ஊர், பெற்றோர், குரு, பாடிய மொழி, கையாண்ட இராகங்கள், சீடர்கள், மறைவு என்று வரிசையாக நின்றன. அவர் சொன்னதில் காற்பங்குதான் தாளில் இருந்தது. எனக்கு அதில் பெருமை.

பாக்கியம் கடைசித் தாள்வரை வாசித்தார். "சுத்தமா இரிக்கு ரீச்சர்," என்றார். "ஆளத்தான் காணல்ல."

"பரீட்சைக்கு ஆள் வேணாம். விசயம் வேணும்."

"சரி. உங்கட கை, நீங்க அடிங்க. மிச்சத்த நான் வாயால சொல்லிக்குவன்."

அவருடைய வாய் அங்கே போய்ச் சேரவில்லை. பிரதிகளை எடுத்துப்போக இக்கரைக்கு வந்திருந்த சிவராணியிடம் ஒன்பது கட்டுகளையும் கொடுத்துக் காலைப் படகில் அனுப்பினோம். பாக்கியம் பல் வைத்தியரிடம் காட்டிவிட்டு மாலைப் படகில் போவதாக ஏற்பாடு. மதியத்தோடு துறை மூடப்பட்டது. பரீட்சை நாள்வரை அது திறக்கவேயில்லை. ஏழு வாரம் பாக்கியம் என் வீட்டில் இருந்தார். பெண்கள் அக்கரையில் என் குறிப்புகளோடு இருந்தார்கள். கடிதம் போகவில்லை, ஆள் போகவில்லை. "நீங்க அடிச்சதயாவது பாடமாக்குவாள்கள்," என்று ஒவ்வொரு பின்னேரமும் எனக்கு ஆறுதல் சொன்னதும் அவர்தான்.

பரீட்சை நாளன்று விசேட அனுமதியில் படகு விட்டார்கள். பெண்கள் நேரே மண்டபத்துக்குப் போனார்கள். ஒரு வார்த்தை பேச நேரம் இருக்கவில்லை. மத்தியானம் வெளியே வந்த சிவராணியின் முகத்தைப் பார்த்ததும் பாக்கியம் என் கையைப் பிடித்தார்.

"வாக்கேயகாரர் ஒராள்ர வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவத்த எழுதி, அதால வந்த கீர்த்தனையையும் விளக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்க ரீச்சர். பெரிய கேள்வி. எங்களிட்டச் சம்பவம் ஒண்டும் இல்லியே. குறிப்பில இல்லாத கதைய எழுதப்படாதாக்கும் எண்டு விட்டிட்டம்," என்றாள் சிவராணி.

பின்னால் யோகராணி வந்தாள். ஒன்பது பேரிலும் குரல் வளம் மிக்கவள். அவளுக்கு வாயும் கொஞ்சம் அதிகம். "நான் அவர் பிறந்ததையும் செத்ததையும் எழுதிட்டு வந்தன்," என்றாள். "அது ரெண்டும் சம்பவம்தானே ரீச்சர்?"

பெண்கள் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தார். ஒன்பது பேரும் பாட்டில் தேறியிருந்தார்கள். எழுத்தில் ஒன்பது பேரும் தவறியிருந்தார்கள் என்ற முடிவு இரண்டு மாதத்தில் வந்தது.

முடிவுத் தாளோடு பாக்கியம் எங்கள் பாடசாலைக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். மன்னிப்புக் கேட்கும் பேச்சு ஒன்றை இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்; வந்தது ஒரு சொல்தான். "என்னாலதான்," என்றேன்.

அப்படியில்லை ரீச்சர், விதி, காலம் என்று எவரும் சொல்லக்கூடிய இடம் அது. பாக்கியம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓம், உங்களாலதான்," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கு இப்ப என்ன செய்யப் போறீங்க? இருந்து அழப் போறீங்களா, அக்கரைக்கு வரப் போறீங்களா?"

வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் நான் அதுவரை மேற்குக் கரையில் கால் வைத்ததில்லை. எழுவான்கரையில் பட்டணத்தை ஒட்டிப் பிறந்த எங்களில் பலருக்கு அது நெல்லும் தயிரும் வருகிற திசை, அவ்வளவுதான். போனேன். ஓடு பாதி பறந்துபோன வகுப்பறையில் பாய் விரித்து எட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

"மற்றவ எங்க?" என்றேன்.

யோகராணி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள். அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம் இருந்தது. அவளுடைய வீட்டால் ஒரு வருடம் தாங்க முடியவில்லை. முடிவு வந்த கிழமையே ஏசென்சிக்காரனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறாள். பாக்கியம் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தம்புராவைச் சுருதி சேர்த்தார்.

அன்றைய வகுப்பு வழக்கம்போல அவர் என்ன சாப்பிட்டார் என்பதில் தொடங்கியது. ஆனால் இந்த முறை எனக்கும் அவர்களுக்கும் இடையில் சுவர் இல்லை. நடப்பதை என் கண்ணால் கண்டேன். வாக்கேயகாரருக்கு அன்று பழைய கஞ்சியும் ஊறுகாயும். "அவர் அதக் குடிச்சிட்டுத்தான் இருந்து பாடின. நீங்க என்னகா சாப்பிட்ட?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு போனார். ஒருத்தி பழஞ்சோறு என்றாள். ஒருத்தி ரொட்டி. ஒருத்தி, "அவருக்கு ஊறுகாயாவது இருந்திச்சே ரீச்சர்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இடைவேளையில் பின்பக்கத்து அடுப்பில் வைத்திருந்த கஞ்சிப் பானை இறங்கியது. ஊறுகாய் கேட்டவளின் சிரட்டை முதலில் நிரம்பியது, மறுபடியும் நிரம்பியது.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "இதுக்காகவா?"

"சும்மா 'சாப்பிட்டயா' எண்டு கேட்டா, எல்லாளும் 'ஓம் ரீச்சர், சாப்பிட்டன்' எண்டு பொய் சொல்லுவாள்கள். வெக்கம். கதைக்குள்ள வச்சுக் கேட்டா உண்மை வரும்." கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பசியோட இரிக்கிறவளுக்கு மேல் ஸ்தாயி நிக்காது ரீச்சர். அது புத்தகத்திலயும் இரிக்கும், தேடிப் பாருங்க."

என் கணவர் இறந்த மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்ட கேள்வியின் பொருளை, நான் அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்று விளங்கிக்கொண்டேன்.

கஞ்சிக்குப் பிறகு, "இப்ப இந்த ரீச்சர் உங்களுக்குக் கதை சொல்லுவா," என்று அறிவித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நான் அகராதியில் உறுதியாயிருந்ததை மட்டும் சொல்வதென்று முடிவு செய்து, அதே செவி கேளாத மேதையைப் பற்றித் தொடங்கினேன். இரண்டு வசனம் போகவில்லை, ஒருத்தி குறுக்கிட்டாள்.

"அவர் காலத்தால என்ன சாப்பிடுற ரீச்சர்?"

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் வேடிக்கை. கொன்வென்ட் நாளிலிருந்தே எனக்கு அது தெரியும். சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவைத்திருந்தேன். "கோப்பி குடிப்பார். ஒரு கோப்பைக்கு அறுபது கொட்டை. ஒவ்வொரு நாளும் கையால எண்ணித்தான் போடுவார் என்று எழுதியிருக்கு."

"அறுபது கொட்டை எண்ணி முடியிறதுக்குள்ள எங்கட அடுப்பு நூந்திரும்," என்றாள் சிவராணி.

"அதுதான் அவருக்கு மனிசி வாய்க்கல்ல போல," என்றாள் இன்னொருத்தி.

வாய்க்கவில்லை என்பதும் உண்மை. சிரிப்பு அடங்கிய பிறகு, அவர் தம் பெரிய படைப்பு அரங்கேறியபோது சபைக்கு முதுகு காட்டி நின்றதைச் சொன்னேன். இசை முடிந்து மண்டபமே எழுந்து கைதட்டியது. அவருக்குக் கேட்கவில்லை, தாளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பாடகி ஒருத்தி வந்து அவரைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டாள். தட்டும் கைகளைக் கண்ணால் கண்டார். பாக்கியம் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "பாத்தீங்களா, புத்தகத்திலயும் நல்லது இரிக்கு," என்றார்.

பிறகு நாங்கள் குறிப்புகளைப் புதிதாக எழுதினோம். இரண்டு பேரும் சண்டை பிடித்துக் கண்டுபிடித்த ஒழுங்கு அது. ஒவ்வொரு வாக்கேயகாரருக்கும் மூன்று பகுதிகள்: நூல்கள் சொல்வது, ஊர் சொல்வது, பாக்கியம் சொல்வது. பரீட்சையில் முதலாவதை அப்படியே எழுதலாம். இரண்டாவதை 'என்று சொல்லப்படுகிறது' என்று முடிக்க வேண்டும். மூன்றாவதை எழுதக் கூடாது, அதை வைத்துப் பாட வேண்டும். இந்தப் பிரிவினைக்கு நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்றாவதை விடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அடுத்த வருடம் எட்டுப் பேரும் தேறினார்கள். எட்டுப் பேருக்கும் நியமனம் கிடைத்தது. சிலருக்கு உடனே, சிலருக்கு அலைந்து திரிந்த பிறகு. அந்தக் குறிப்புகளின் பிரதிகள், பிரதியின் பிரதிகள், துறை திறந்தபோதும் மூடியபோதும் எங்கெங்கோ போயின. ஓட்டமாவடிக்கு அப்பால் ஒரு வகுப்பில் கண்டதாகச் சிவராணி சொன்னாள். மூன்றாவது பகுதியில் பாக்கியத்தின் பெயரை அடித்துவிட்டு அந்த ஊர் ஆசிரியை தன் பெயரை எழுதி, தன்னுடைய கதைகளைச் சேர்த்திருந்தாராம். அதைக் கேட்டுப் பாக்கியம் ஒரு கிழமை மகிழ்ந்திருந்தார்.

எட்டு என்று நான் எழுதும்போதெல்லாம் ஒன்பதாவது ஒன்று இருக்கிறது.

யோகராணி போன வருடம் திரும்பி வந்தாள். குவைத்தில் மூன்று வீடுகள் மாறி, இங்கே ஒரு கல்வீடு கட்டி, தங்கைகள் இருவரையும் கரைசேர்த்துவிட்டு வந்தாள். அவள் வந்த மூன்றாம் நாளே பாக்கியம் அவளுடைய வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"பரீட்சை எப்ப எடுக்கப்போறாய் மனே?"

"எனக்கு முப்பது தாண்டிட்டுது ரீச்சர்."

"தாளில வயசு கேக்கிறதில்ல."

"குரலெல்லாம் போயிட்டுது."

"போனா வரும். நீ வரல்லையா?"

சனிக்கிழமை தோறும் வகுப்பு. பாட்டை முன்னைவிட ஆழமாகப் பாடுகிறாள் என்று பாக்கியம் எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார். எழுத்துக்குத்தான் பயப்படுகிறாளாம். ஒரு தடவை தவறியவள் பயப்படத்தானே செய்வாள்.

மரணவீட்டில் பெண்களெல்லாம் உள்ளே இருந்தபோது யோகராணி வேலியோரம் தனியே நின்றாள். கையில் பரீட்சை விண்ணப்பப் படிவம், நாலாக மடித்தபடி. அவளுடைய விபரங்கள் நிரப்பப்பட்டிருந்தன. ஆசிரியரின் பெயர் என்ற இடத்தில் பாக்கியத்தின் கையெழுத்தில் பாக்கியத்தின் பெயர். அதன் கீழே ஒப்பமிடும் இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் கிழமையோடு விண்ணப்ப முடிவு.

"இது இனி எனக்கு வேணாம் ரீச்சர்," என்றாள். "அவ இல்லாம நான் என்னத்த எழுத."

நான் சங்கீத ஆசிரியை அல்ல; ஒரு வர்ணத்தை ஒழுங்காகப் பாட எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் மற்றவருடைய இடத்தில் நான் ஒப்பமிட்டதுமில்லை, அப்படிச் செய்தவர்களை மன்னித்ததுமில்லை. சிவராணியை அழைத்து, பாட்டை நீ பார்ப்பாயா என்று கேட்டேன். பார்ப்பதாகச் சொன்னாள். பாக்கியத்தின் பெயரை அழிக்காமல், அதன் கீழே 'இவருக்காக' என்று எழுதி, என் முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டேன். சபையார் இதை ஏற்கமாட்டோம் என்றால் நேரில் போய்ப் பேசுவதாக இருந்தேன். ஏற்றுக்கொண்டார்கள், அனுமதி அட்டை வந்துவிட்டது.

நினைவு மலரில் எழுதுகிறவர்கள் மறைந்தவரிடமிருந்து தமக்குக் கிடைத்தது என்னவென்று சொல்வார்கள். எனக்குக் கிடைத்தவை பாக்கியத்தின் சனிக்கிழமைகள். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். கிழமைக்குக் கிழமை படகில் போக என்னால் முடியாது; முழங்கால் விடுவதில்லை. யோகராணிதான் கல்லடிக்கு வருகிறாள். இந்தச் சண்டை ஓய்வு நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. பரீட்சை வரையாவது நிலைக்கட்டும். பிறகு அடுத்த பரீட்சை வரை.

போன சனிக்கிழமை அவளிடம் பழைய கேள்வியையே கொடுத்தேன்: ஒரு வாக்கேயகாரரின் வாழ்வில் ஒரு சம்பவம், அதையொட்டிப் பிறந்த கீர்த்தனை. ஒன்றரை மணித்தியாலம் தலை நிமிராமல் எழுதினாள். இளவயதில் குருவோடு காசிக்குப் போய், பல வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவரை எடுத்திருந்தாள். போனதும் வந்ததும் நூல்களில் உள்ளவை. அவற்றைச் சரியாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இப்படி எழுதியிருந்தாள்: ஊர் திரும்பிய அன்று அவர் தம் வீட்டுப் படலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அது உட்பக்கமாகத் திறப்பதா, வெளிப்பக்கமாகத் திறப்பதா என்பது அவருடைய கைக்கு மறந்துபோயிருந்தது. யாரையும் கூப்பிட வெட்கமாக இருந்தது. அதனால் அங்கேயே நின்று பாடினார் என்று சொல்லப்படுகிறது.

அப்படி ஒருவரும் சொன்னதில்லை. எந்த நூலிலும் அது இல்லை. மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தாளை அவளிடம் கொடுத்தேன். படலையில் நான் கை வைக்கவில்லை.